பிடிக்கும் இடம்

லாபிஸ் செம்பனை ஆலையில்
எடைமேடைக் கிராணி நான்.
இருபத்தெட்டு டன் குலைகளோடு ஏறும் லாரியை
ஒரு பொத்தானில் நிறுத்தி
ரசீது கிழித்துக் கொடுத்து அனுப்புவேன்.
என் இடது கால்
ஒரு மிதியிடம் தோற்றது.

வெள்ளை இன்டெக்ரா. என்னைவிடப் பதினாறு வயது சின்னது.
பந்தயக் கிளட்ச் போட்ட கையோடு
சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போனான் நித்தியராஜ்.
விற்கும்போது
“கொஞ்சம் முரடு அக்கா” என்றான்.
கொஞ்சம்.

பட்டறைக்குக் கொண்டுபோனேன்.
கியோங் ஒருமுறை மிதித்துப் பார்த்து இறங்கிவிட்டார்.
இது விளக்குச் சுவிட்ச் மாதிரி, என்றார்,
உண்டு, இல்லை, அவ்வளவுதான். நடு கிடையாது.
அறுநூறு ரிங்கிட் கொடு,
சாதுவான தட்டாக மாற்றித் தருகிறேன்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
யோசித்தது முழங்கால்தான்.
இரவில் கட்டிலில் கிடந்தும்
காற்றை மிதித்துக்கொண்டிருந்தது.

தாமான் முனையில் ஒரு சிக்னல்.
அங்கே ஒரு மேடு இருக்கிறது என்றால்
இந்த ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.
மழைத்தண்ணீருக்குத் தெரியும்.
இப்போது எனக்கும்.
பச்சை விழுந்தது, விட்டேன்,
கார் ஒரு தும்மல் தும்மி அணைந்தது.
மறுபடி விட்டேன்.
மறுபடி தும்மல்.
பிறகு மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது,
பின்னால் ஜெஃப்ரியின் லாரி,
காலையில் நானே எடைபோட்டு அனுப்பிய லாரி.
அவன் ஹார்ன் அடிக்கவில்லை.
அடித்திருக்கலாம்.
தலையை வெளியே நீட்டி
“கிராணி, பெலான் பெலான்” என்றான்,
பசியாறக் கடையில் ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும்
திரும்பிப் பார்க்கும்படி.

அடுத்த ஞாயிறு, ஆலைக்கு விடுமுறை,
காரை எடைமேடையில் ஏற்றினேன்.
ஆயிரத்து நூற்று அறுபது கிலோ,
என்னையும் சேர்த்து.
காவலுக்கு இருந்த தில் பகதூரிடம்
எண்பலகையைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன்.
விட்டேன். கார் உதறியது.
“நூற்று எண்பது! நூற்று நாற்பது! அணைஞ்சிருச்சு!”
சிவப்பு எண்கள்
மீன்வாலைப்போல் அடித்துக்கொண்டன.
இவளுக்கு என்ன ஆயிற்று என்று
அவர் கேட்கவில்லை. நாற்காலியை மட்டும்
நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நான்காவது ஞாயிறு.
செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு
வெறுங்காலால் மிதித்தேன்.
குதிகாலைத் தரையில் ஊன்றி
கணுக்காலை மட்டும் தளர்த்த, தளர்த்த,
ஐந்து சென் காசின் கனத்தில்
ஏதோ ஒன்று
உள்ளங்காலைத் தொட்டது.
அங்கேயே நின்றேன்.
கார் நகரவுமில்லை, அணையவுமில்லை.
வெளியே ஒரு சத்தமும் இல்லை.
எட்டிப் பார்த்தேன்.
தில் பகதூர் எழுந்து நின்றிருந்தார்.
“அறுபது” என்றார், மெதுவாக.
“இன்னும் அறுபதுதான்.”

தோட்டத்து வாடிக்கைக்காரர்களிடம் பொறுக்கிய தமிழில்
கியோங் இப்போதும் கேட்பார்:
“புடிக்குதா?”
கிளட்ச்சைக் கேட்கிறாரா, என்னையா,
பிரித்துக் கேட்டதில்லை.
“சில நாள்” என்பேன்.
இரண்டுக்கும் அதுதான் பதில்.
மழை நாளில் இன்னும் உதறும்.
சேலை கட்டினால் ஓட்டவே முடியாது.

தீபாவளிக்கு வந்த நித்தியராஜ்
ஒரு சுற்று கேட்டான்.
வாசலிலேயே மூன்று தும்மல்.
“கால் மறந்துபோச்சு அக்கா,
அங்க ரயில்லதானே போறேன்.”
சிரித்தபடி இறங்கிச்
சாவியை நீட்டினான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
வந்தது என்னவென்று சொன்னால்
கெட்டவள் என்பீர்கள்.

மேட்டில் இப்போது நான் உருளுவதில்லை.
ஆறு மாதமாக ஒருநாளும் இல்லை.
ஆனாலும் பின்னால் வந்து நிற்கும்போது
ஜெஃப்ரி
இன்னும் ஒரு கார் அளவுக்கு
இடம் விட்டே நிறுத்துகிறான்.